ஓவர்லோடு

பெட்டி குடோனிலிருந்து வர அரை மணி நேரமாகும், உக்காருங்க சார், தண்ணி குடிங்க என்று நீலச் சட்டை போட்ட பெண் சொல்லிவிட்டுப் போனதும் கிட்டுசாமி அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் சட்டைப் பைக்குள் அது மடங்கியது. மடங்கிய சத்தம் அவனுக்குக் கேட்டது. சுவர் நீளத்துக்கும் டிவிகள் ஓடுகின்றன, எல்லாவற்றிலும் ஒரே அருவி கொட்டுகிறது, மேலே பாட்டு, வாசலில் சலுகை சலுகை என்று மைக்கில் ஒருத்தன், இத்தனைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி அகலம் இருக்கிற பிளாஸ்டிக் தாள் மடங்குவது கேட்குமா என்றால் கேட்டது. பவிக்கும் கேட்டிருக்குமோ என்று நிமிர்ந்து பார்த்தான். மகள் இரண்டு வரிசை தள்ளி, திறந்து வைத்திருந்த லேப்டாப்புகளுக்கு முன்னால் நின்றாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள். பாத்திரக் கடைக்குள் கூட்டிப்போன குழந்தையிடம் தொடாதே தொடாதே என்று சொன்னால் கட்டிக்கொள்ளுமே, அப்படி. இருபத்திரண்டு வயசுப் பெண், பவதாரிணி என்று பெயர்ப் புத்தகம் பார்த்துப் பெயர் வைத்த பெண், தொட்டால் கெட்டுப்போகும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிற யோக்கியனைப் பார். சட்டைப் பையை மேலோடு தடவினான். இருந்தது. எங்கே போய்விடும்.

காலையில் ஏழேகாலுக்கு மில்லிலிருந்து வந்தவன், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், கம்ப்யூட்டரை மேசையிலிருந்து இறக்கிப் பெட்ஷீட் விரித்து அதன்மேல் வைத்தான். ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றினால் போதும். அவள் இதுவரை செய்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது, கடையில் கொடுத்தால் புதுசுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். நாலு திருகு. கழற்றித் துண்டில் சுற்றிப் பையில் போட்டாயிற்று. ஆனால் கை நிற்கவில்லை. இனி இந்தப் பெட்டிக்கு வேலையில்லை, செத்த மனுசனைக் குளிப்பாட்டுவதில்லையா, துடைத்தாவது வைப்போம் என்று கூலரைக் கழற்றினான். பிராசசர் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே விடுகிற கட்டி, மேலே சின்னக் காற்றாடி. எட்டு மாதமாக அவன் கை வைக்காத ஒரே இடம் அது. தூக்கித் திருப்பினான். அடியில் பளபளவென்று இருக்கவேண்டிய செம்பு, எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் இருப்பது மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நகத்தை வைத்தான். ஒரு மூலை எழும்பியது. இழுத்தான், முழுசாக வந்துவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக், ஓரமெல்லாம் சூட்டில் சுருண்டு பழுத்து, நடுவில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: பொருத்துவதற்கு முன் இதைப் பிரித்துவிடவும். கண் தெரியாதவன்கூடப் படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. அதை அப்படியே வைத்து, இந்தப் பக்கம் சூட்டைக் கடத்துகிற பசையைத் தடவி, நாலு மூலையும் இறுக்கி முறுக்கியிருக்கிறான். சூட்டுக்கும் அது போகிற வழிக்கும் நடுவில் ஒரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். "ஏனுங்க, அப்பிடியே உக்காந்துட்டீங்க?" என்று பூங்கொடி அடுப்படியிலிருந்து கேட்டாள். ஒண்ணுமில்ல என்றான். பவி மேசையில் இட்லி தின்றுகொண்டிருந்தாள், ஒரு கையால் ஹாஸ்பிடல் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டி, இன்று லீவு என்று ஞாபகம் வந்து கழற்றினாள். குப்பைக்கூடை அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. போடவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது அவள், "தூங்குங்கப்பா, ஸ்டாப்பு வந்தா எழுப்பறேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு வந்தான். தூங்குகிற மாதிரி வாயைக்கூடக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான். அதை நினைத்தால்தான் கூசுகிறது.

நீலச் சட்டைப் பெண் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இது சாதாரண யூசுக்குத்தான் மேடம். டிசைன், வீடியோ எடிட்டிங், அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணுவீங்கன்னா அந்தக் கடைசில இருக்குது பாருங்க, அது போயிரலாம். மாசத் தவணைல பெருசா வித்தியாசம் வராது." கிட்டுசாமி நாற்காலி நுனிக்கு வந்தான். சொல்லட்டும், ஆமாம் என்று சொல்லட்டும், அவளாகவே சொல்லிவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. "இல்லீங்க்கா," என்றாள் பவி சிரித்துக்கொண்டே, "எக்செல், மெயில், அவ்வளவுதான். பெரிய மெஷினெல்லாம் எங்கிட்டத் தாங்காது. எங்கப்பாவக் கேளுங்க, சொல்லுவாரு." அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். அவனும் சிரித்தான். சிரித்தானே! பல்லைக் காட்டினானே! கன்னத்துச் சதை மேலே ஏறியது அவனுக்கே தெரிந்தது, இறங்கியதும் தெரிந்தது. பெட்டி வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. பெட்டி வந்து, பில் போட்டு, அந்தச் சின்ன மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டால் அதில் கணக்குப் பார்க்கலாம், கடுதாசி அடிக்கலாம், அவள் படமாகச் செய்த பூனை ஓடாது. பூனை ஓடாது என்றால் முடிந்தது. கண் ஆஸ்பத்திரி பில் கவுன்டரில் டோக்கன் நம்பர் நாற்பத்தேழு வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே அவளுக்கு வயசாகிவிடும். அதற்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு என்ன, ரெண்டு வார்த்தை. வாயைத் திறந்தால் ரெண்டு வார்த்தை.

வாங்கியே கொடுத்திருக்கலாம். அனிமேஷன் கோர்ஸ் சேர்ந்தபோது பூங்கொடியின் தம்பி நல்லதனமாகத்தான் சொன்னான், மாமா, கடைல ரெடிமேடா ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க, எதுக்கு இந்த வம்பு என்று. அவனுக்கு அன்றைக்கு அப்படி ஒரு பிரசங்கம் செய்தான் கிட்டுசாமி. கடையில் வாங்குவது எவனோ மூடிக்கொடுத்த டப்பா மாப்ள, உள்ளே என்ன கழிசடையைப் போட்டிருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா, நாமே சாமான் வாங்கிக் கட்டினால் ஒவ்வொரு திருகும் நமக்குத் தெரியும், நாளைக்கு ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம், எவன் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்! பத்தாவதோடு நின்றவன், ஐடிஐ கூடக் கிடையாது, மில்லில் எலக்ட்ரீசியனுக்குக் கையாளாகச் சேர்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன், ஷிப்டில் மிஷின்கள் ஒழுங்காக ஓடுகிற மணி நேரங்களில் பேனல் ரூமில் உட்கார்ந்து டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர்ப் புத்தகம் படித்தவன். மதர்போர்டு, ராம், சாக்கெட்டு, வாட்டு, எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தான். பெரிய இன்ஜினியர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரவால்லியே கிட்டு என்றார். அந்தப் பரவால்லியேவைச் சப்புக் கொட்டிக்கொண்டே ஒரு மாதம் திரிந்தான். சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கினான். எல்லாம் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட்டை விரித்தான், இதே பெட்ஷீட், மயில் போட்டது. பூங்கொடி சாமிக்கு முன்னால் வைக்கிற மாதிரி பிராசசருக்குக் குங்குமம் வைக்க வந்துவிட்டாள், எட்டப் போ எட்டப் போ, தூசி பட்டாலே போச்சு என்று கத்தினான். கிரகப்பிரவேசம் நடத்துகிற மாதிரி இருந்தது. பவி ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். எங்கப்பா கம்ப்யூட்டர் கட்டறாரு. நாலு நிமிச வீடியோ. அதை அவன் மில்லில் யாருக்கெல்லாம் அனுப்பினான். எல்லோருக்கும் அனுப்பினான். கேன்டீன்காரருக்குக்கூட. கூலரை வைக்கிற இடத்தில் பவி ஏதோ கேட்டாள். என்னமோ கேட்டாள். டார்ச் கொஞ்சம் ஆடியது.

டார்ச் ஆடியது என்பது ஞாபகமிருக்கிறது, அதற்கு மேல் நினைக்க வேண்டாம், எழுந்து போய்த் தண்ணி குடிக்கலாம். குடித்தான். தண்ணி கேனுக்குப் பக்கத்தில் மூடி வைத்த குப்பைத் தொட்டி, காலால் மிதித்தால் வாயைத் திறக்கிற வகை. மிதித்தான். திறந்தது. உள்ளே பேப்பர் டம்ளர்கள், ஒரு மாம்பழ ஜூஸ் டப்பா. போட்டுவிட்டால் ஆயிற்று. யாருக்குத் தெரியும். கூலர் மேல் எழுதியா வைத்திருக்கிறது. புது மெஷின் வந்துவிடும், பழசை எடைக்குப் போட்டுவிடலாம், அப்பா பாவம், ஆசைப்பட்டுக் கட்டினார், நான்தான் காய்ச்சிக் கெடுத்துவிட்டேன் என்று அவள் பேரன் பேத்திக்கும் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். காலை எடுத்தான், தொட்டி வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் தண்ணி பிடிக்க வந்த ஆள் ஒருமாதிரி பார்த்தார். மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பையில் மறுபடி மடங்கியது.

முதல் தடவை நின்றபோது அவள் பயந்து ஓடி வந்தாள். "அப்பா, பட்டுனு ஆஃப் ஆயிருச்சுங்ப்பா." அவன் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து போய்ப் பெட்டிமேல் புறங்கையை வைத்துப் பார்த்தான். மோட்டாரை அப்படித்தான் பார்ப்பார்கள், உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் பிடித்து இழுத்துவிடும். கொதித்தது. என்ன ஓட்டினே என்று கேட்டான். பூனையை ரெண்டர் போட்டேன் என்றாள். ரெண்டர் என்றால் அவள் செய்து வைத்த உருவத்தைப் படம் படமாகச் சுட்டு எடுப்பது என்று அவளே விளக்கினாள், ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். ரொம்பப் போடாத கண்ணு என்றான். அப்புறம் மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். பவர் சப்ளையை மாற்றினான். பெட்டி பக்கவாட்டில் ரம்பத்தால் வட்டமாக அறுத்து இன்னொரு காற்றாடி வைத்தான். ராமைக் கழற்றி மாட்டினான். போனில் தேடினால் முதலில் கூலர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்குச் சொல்வது என்று தள்ளிவிட்டுப் போனான். கட்டியதிலேயே அதைத்தான் அவன் பிசகில்லாமல் செய்தது. பசையைப் பட்டாணி அளவு வைத்து, குறுக்குத் திருகு குறுக்குத் திருகாக, கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கினான், வீடியோவே இருக்கிறது. எங்கெங்கோ தேடினான், அவன் பெருமைப்பட்ட இடத்தைத் தவிர. எல்லாம் பார்த்து முடித்த அன்றைக்கு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னான். "மெஷின்ல ஒண்ணுமில்ல சாமி. நீதான் தாங்காத அளவுக்கு ஓட்டறே. ஓவர்லோடு."

ஓவர்லோடு. அந்த வார்த்தை எப்படி வாயில் வந்து நின்றது. தேடவே இல்லை, தயாராக நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. மில்லில் மோட்டார் எரிந்தால் எலக்ட்ரிக்கல்காரன் முதலில் செய்கிற வேலை மோட்டாரைப் பார்ப்பதல்ல, லாக் புக்கைத் திறந்து ஓவர்லோடு என்று எழுதுவது. சேர்ந்த வருசமே போர்மேன் ராயப்பன் சொல்லிக் கொடுத்தார். "எழுதீரு தம்பி. எழுதீட்டா அது ஓட்டுனவன் தப்பு. எழுதாம உட்டீன்னா நம்ம தப்பு. அப்பறம் நிதானமாக் கழட்டிப் பாரு." கழற்றிப் பார்த்தால் பாதி நேரம் பேரிங்கில் கிரீஸ் இருக்காது, கிரீஸ் வைக்க வேண்டியவன் வைத்திருக்க மாட்டான். ஆனால் நோட்டில் ஏறியது ஏறியதுதான். நூல் மிஷினில் ஒரு பக்கம் நின்று சைடு பார்க்கிற கண்ணம்மா ஒரு தரம் அவன் முன்னால் வந்து நின்றாள், தலையெல்லாம் பஞ்சு, புருவம்கூட வெள்ளை. "ஏனுங்ணா, நானென்னுங்ணா பண்ணுனே? பட்டனத்தானுங்ணா அமுக்குனே?" அவன் நோட்டைக் காட்டினான். எழுதியிருக்குதுல்ல. அவளை மூன்று நாள் வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்த மோட்டாருக்கு கிரீஸ் வைக்க வேண்டியவன் யார், கிட்டுசாமிதான். பதினாறு வருசமாயிற்று, கண்ணம்மாவை அவன் அப்புறம் நினைத்ததே இல்லை, இந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லா டிவியிலும் ஒரே அருவி கொட்டுகிறபோது வருகிறாள். பவி அப்படிக்கூடக் கேட்கவில்லை. நானென்ன பண்ணினேன் என்றுகூட. "சரிங்ப்பா, இனிமே பாத்து ஓட்டறேன்" என்றாள்.

பார்த்துத்தான் ஓட்டினாள். டேபிள் பேனைப் பெட்டிக்குத் திருப்பி வைத்துவிட்டு வேர்வையில் உட்கார்ந்தாள். பத்து நொடிப் படத்தை ரெண்டு ரெண்டு நொடியாக நறுக்கி, நடுவில் மெஷினை ஆறவிட்டு ஓட்டினாள். ஈரத் துணி போடலாமா என்று ஒரு நாள் கேட்டாள், கேனச்சி மாதிரி பேசாத என்றான். பூனை மில் பூனை. அவன் சொன்ன பூனைதான். ஸ்பின்னிங் பகுதியில் ஒரு கருப்புப் பூனை இருந்தது, ஓடுகிற மிஷின் மேலேயே நடந்து போகும், நடக்க நடக்கப் பஞ்சு ஒட்டி வெள்ளைப் பூனையாகிவிடும், வாசலுக்கு வந்து ஒரு உதறு உதறினால் மறுபடி கருப்பு. சின்ன வயசில் அதைச் சொன்னால்தான் சோறு தின்பாள். அதைத்தான் படமாகச் செய்தாள். முதல் ரெண்டு நொடியைக் காட்டியபோது அவனுக்கு மூச்சே நின்றுவிட்டது, முடி ஒவ்வொன்றும் தனியாக ஆடியது, முடி நுனியில் பஞ்சு ஒட்டியது, ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. அதுதான் மெஷினுக்கு ஆகவில்லை, அந்த முடி. முடியாலதான் சூடாகுதுங்ப்பா என்று அவளே கண்டுபிடித்தாள். அப்போது என்ன சொன்னான். ஏன் கண்ணு, பூனைக்கு இத்தனை மசுரு எதுக்கு, கொஞ்சம் கம்மி பண்ணேன் என்றான். குறைத்தாள். நின்றது. இன்னும் குறைத்தாள். மாதா மாதம் அந்தப் பூனை மெலிந்தது. கடைசியில் பொம்மைக்கடை ரப்பர்ப் பூனை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது, பஞ்சு அதன்மேல் ஒட்டவில்லை, வெள்ளைப் புள்ளியாக நின்றது. அதைத்தான் சென்னைக் கம்பெனிக்கு அனுப்பினாள். நாலு வரியில் பதில் வந்தது. கதை நன்றாயிருக்கிறது, வேலையில் நுணுக்கம் போதாது. படித்துக் காட்டிவிட்டு, "கரெக்டுதானுங்ப்பா, எனக்கு அவ்வளவு வரல" என்றாள். எனக்கு வரல. மெஷின் தாங்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை, அப்பா கட்டிய மெஷின் ஆயிற்றே. அந்த வாரமே ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போட்டாள். முழு முடியோடு இருக்கிற பூனை ஹார்ட் டிஸ்கில் எங்கோ கிடக்கும். இதோ மடியில், துண்டுக்குள். புறங்கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

சொன்னால் என்ன சொல்வாள். பரவால்லீங்ப்பா என்பாள். அதுதான் பயமாயிருக்கிறது. கத்தினால் தேவலை. பரவால்லீங்ப்பா என்று சொல்லிவிட்டு, நீங்க வேணும்னேவா பண்ணுனீங்க என்று அவனையே தேற்றுவாள், அப்புறம் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், சோறு போடும்போது குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். வேறு மாதிரிச் சொல்லலாமே. கம்பெனிக்காரன் உள்ளே பிளாஸ்டிக்கை வைத்து அனுப்பிவிட்டான், அயோக்கியன், இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று. பாதி உண்மைதான். நாக்கு நுனியில் இதுவும் தயாராக உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நேரம் வெட்கப்பட்டுவிட்டு இப்போதும் லாக் புக்கைத்தான் திறக்கிறது கை. அன்றைக்கு டார்ச் ஆடியது. எதற்கு ஆடியது. அவள் குனிந்து பார்த்தாள், அதனால் ஆடியது. அந்த வீடியோவை ஐம்பது தடவை பார்த்திருப்பான். பார்த்ததெல்லாம் அவன் கையை, கேட்டதெல்லாம் அவன் குரலை, இப்பப் பாருங்க, குறுக்குத் திருகு என்று வாத்தியார் மாதிரி அவன் பேசுவதை. ஐம்பது தடவை ஓடியதில் அவள் குரல் ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. இப்போது இந்த இரைச்சலில் ஒரு எழுத்துப் பிசகாமல் விழுகிறது. "அப்பா, அதுக்கடியில ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்களே?" அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது அப்பிடித்தான் இருக்கும். பேசாம லைட்டப் புடி." பிடித்தாள். டார்ச் அப்புறம் ஆடவே இல்லை. மில்லில் எத்தனை பேர் போனில் கிடக்கிறது அது, கேன்டீன்காரர் போனிலும்.

"சார், வந்துருச்சு," என்றாள் நீலச் சட்டைப் பெண். பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, அட்டையைத் திறந்து, சாம்பல் நிறத்தில் அந்தச் சின்ன லேப்டாப்பைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையாலும் தூக்கி வைத்தாள். பவி பக்கத்தில் வந்து நின்றாள். கை இன்னும் பின்னால்தான். "நம்பர் சரி பாத்துட்டேன் சார். மேல இந்தப் பிளாஸ்டிக் கவரை மட்டும் நீங்களே பிரிங்க. நாங்க எல்லாருக்கும் அப்பிடித்தான், வீட்டுப் பெரியவங்க கையாலதான் பிரிக்கச் சொல்றது. ஒரு போட்டோ எடுத்துக்கறேன், கடை பேஜ்ல போடறதுக்கு. பிரிச்சாச்சுன்னா அப்புறம் மாத்தித் தர மாட்டாங்க, மாடல் இதுதானே, முடிவுதானே மேடம்?" பவி ஆமாங்க என்றாள். "பிரிங்கப்பா." மூலையில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது, பிடித்து இழுப்பதற்கு. இவர்கள் எவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறார்கள், வால் வைத்து. பிடித்தான். அந்தப் பெண் போனைத் தூக்கி, சிரிங்க சார் என்றாள். இழுத்தான். சர்ரென்று ஒரு விரல்கடை வந்தது. அதே சத்தம், காலையில் கேட்ட அதே சத்தம். கை நின்றுவிட்டது.

"ஒரு நிமிசம்மா," என்றான். சட்டைப் பைக்குள் ரெண்டு விரலை விட்டு எடுத்தான். வேர்வையில் ஈரமாகி, நாலாக மடங்கி இருந்தது. விரித்து, புது லேப்டாப் மேல் வைத்தான். "சார், இது இதோடது இல்லீங்களே," என்றாள் நீலச் சட்டைப் பெண். "கூலருக்கு அடியில இருந்துது கண்ணு," என்றான் கிட்டுசாமி. "நான் பிரிக்காம மாட்டிட்டேன். அதனாலதான். உன்னாலயில்ல." பவி அதை எடுத்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் படித்தாள். சின்னதுதான், படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. இன்னொரு தரம் படித்திருப்பாள். "பூனை மேல தப்பில்ல," என்றான். சொன்ன பிறகுதான் எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் கேட்டாள், "எப்பப் பாத்தீங்க?"

"காத்தால."

"நான் இட்லி தின்னுட்டு இருந்தப்பவா?"

"ஆமா."

"பஸ்சுல எம் பக்கத்துல உக்காந்துட்டு வந்தப்ப இது பாக்கெட்டுல இருந்துச்சா?"

"இருந்துச்சு சாமி. தூங்கல நானு. சும்மா கண்ண மூடிட்டு வந்தேன்." நின்றுவிடலாம், போதும், இதற்குமேல் யாரும் கேட்கவில்லை. "நீ அன்னிக்கே கேட்டே. ஸ்டிக்கர் இருக்குதேன்னு கேட்டே. நான்தான் உன்னப் பேசாம இருக்கச் சொன்னேன்."

அவள் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பரவால்லீங்ப்பா வரும் என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டு நின்றான். வரவில்லை. எட்டு மாதத்தை அவள் கேட்கவில்லை, சென்னையைக் கேட்கவில்லை, இந்த நாலு மணி நேரத்தைத்தான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. கண்ணில் தண்ணி இல்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது. திரும்பி, "அக்கா, மன்னிச்சுக்கோங்க, இது வேண்டாங்க," என்றாள். "முழுசாப் பிரிக்கல. ஓரந்தான் வந்திருக்குது." காலையிலிருந்து எதையும் தொடாமல் கட்டி வைத்திருந்த கைகளை லேப்டாப் மேல் வைத்து, எழும்பி நின்ற மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினாள். நிதானமாக, பழகின கை மாதிரி.

வெளியே உச்சி வெயில். முன்னால் நடந்தாள், அவன் துண்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் போனான், நாலடி இடைவெளி, அவன் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். இரண்டாவது சந்தில் உதிரிச் சாமான் கடை ஒன்றில் நின்றாள். "பிராசசருக்குப் போடற பசை குடுங்க," என்றாள் கடைக்காரரிடம். அவன் தோள் பக்கமாய் எட்டிப் பார்த்து, "பட்டாணி அளவு போதும் கண்ணு, அதுக்கு மேல வெச்சா..." என்று ஆரம்பித்தான். சின்ன ஊசிக்குழாயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பிளாஸ்டிக் தாள் அவள் கையில்தான் இருந்தது, போன் கவருக்குப் பின்னால் அதைச் செருகினாள், சிவப்பு எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.

"நான் மாட்டிக்கறேன்," என்றாள், திரும்பாமலே. "நீங்க பேசாம லைட்டப் புடிங்க."